யாரும் நடக்காத முறை

என் நண்பன் கிளெம்மின் கண்ணுக்குள் மின்தகடு வைத்த செய்தியை, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் கிளப்பில் பரப்பியவன் நான்தான். விரல்நகம் அளவு என்று ஆரம்பித்தேன். மூன்றாவது பியருக்குள் அது சாப்பாட்டுத் தட்டாக வளர்ந்துவிட்டது. மெல்பர்னில் எங்கே விளக்கு மங்கினாலும் கிளெம் கண்ணைத் திறந்துவிட்டான் என்று அர்த்தம் என்றும் சொல்லிவைத்தேன். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு வேறென்ன வேலை?

உண்மை சின்னது. பல வருடம் பார்வையில்லாமல் இருந்தவனுக்கு ஒளிப் புள்ளிகள் தெரிந்தன. அதுவும் ஆய்வுக்கூடத்தில், காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகி இயந்திரத்தை ஓட்டினால் மட்டும். கறுப்புத் திரைக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் ஒருவர் நடப்பார். இடமா வலமா என்று அவன் சொல்ல வேண்டும். சில முறை யாருமே நடக்க மாட்டார்கள். அப்போது "யாருமில்லை" என்று சொல்லியாக வேண்டும். இல்லாத ஆளை இருப்பதாகச் சொன்னால், பார்ப்பது கண்ணல்ல, மனசு என்று ஆகிவிடும். சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தப் புள்ளிகளும் கிடையாது.

நடப்பது அவன் மனைவி நெரிடா, எங்கள் கிளப்பின் வெள்ளைச் சீருடையில். கிளெம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"வலது பக்கம் போறா. திரும்பறப்போ வெளிச்சம் ஒரு குதி குதிக்குது. முட்டி வலிக்குதா?"

"என் முட்டியெல்லாம் தெரியுதாக்கும். கழுவாத பாத்திரம் மட்டும் உனக்குத் தெரியாது," என்பாள் நெரிடா.

ஜூலையில் அவள் இறந்துபோனாள். புற்றுநோய். அதை மட்டும் என்னால் கிளப்பில் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் அவள் இடத்தில், என் வெள்ளைச் சீருடையில், நான் நடந்தேன்.

"அயோனா, ஃப்ரிட்ஜ் ஒண்ணு உருண்டு வருது," என்றான் கிளெம்.

"டேய், வயித்தை உள்ள இழுத்துக்கிட்டுதான்டா நடக்கறேன்."

ஆய்வாளர் அயோனா சிரித்தாள். அடுத்தது யாரும் நடக்காத முறை. அவள் சைகை காட்ட, நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கிளெம் முகத்தை மெல்லத் திருப்பினான்.

"இடது பக்கம்," என்றான்.

அயோனாவின் பேனா அப்படியே நின்றது. "அவசரமில்ல கிளெம். இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"இடதுதான்மா. மெதுவா வர்றா. திரும்பறப்போ அதே குதி."

ஆயுசு முழுக்கப் புளுகியவன், ஒரு பொய்யையாவது மெய்யாக்க நினைத்தேன். காலணியைக் கழற்றிவிட்டு, யானை பூனையாகிற நடையில் போய்த் திரையின் இடது ஓரத்தில் நின்றேன். அயோனா பார்த்தாள், தடுக்கவில்லை. இப்போது அவன் சொன்னது சரி.

கிளெம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"வெர்ன்," என்றான். "தள்ளி நில்லுடா. அவளை மறைக்கிற."

நான் தள்ளி நின்றேன். அயோனா எழுத வேண்டியதை எழுதினாள். கம்பியைக் கழற்ற அவள் எழுந்து வந்தபோது, கிளெம் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்:

"முட்டி இன்னும் வலிக்குதா?"