வந்து போனவர்கள்

"அந்தப் பொய் ஆளுங்களுக்குப் பசிக்குமாம்மா?" என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள். அம்மாவின் மடியில் உட்கார்ந்து, கணினித் திரையில் ஏறிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி கேட்ட கேள்வி அது.

"பசிக்காதுடி. வருவாங்க, பார்ப்பாங்க, போயிடுவாங்க."

"பாவம்" என்றாள் மகள்.

இப்போது மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனில் "அப்புறம் பேசறேம்மா" என்பதைத்தான் அதிகம் சொல்கிறாள். அம்மாவுக்கு அதே வேலைதான். ஓர் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்தால் அது தாங்குமா என்று சோதிக்க வேண்டும். அதற்காக நிரல் எழுதி, இல்லாத மனிதர்களைக் கூட்டங்கூட்டமாக அனுப்புவாள்.

இப்போது அவளிடம் வந்திருந்தது, இறந்தவர்களுக்காக உறவினர்கள் தாங்களே எழுதி, படம் சேர்த்து, நினைவுப் பக்கம் அமைக்கும் தளம். சோதனைக்குக் கனமான பக்கம்தான் நல்லது. ஒரு தையல்காரர் தன் மனைவிக்காக அமைத்த பக்கத்தில் படங்கள் ஏராளம். அதையே தேர்ந்தெடுத்தாள். ஆனால் தளத்தின் சோதனை நகலுக்கு அனுப்ப வேண்டிய கூட்டத்தை, முகவரி மாற்ற மறந்து, நிஜத் தளத்துக்கே அனுப்பிவிட்டாள்.

"விடுங்க, பக்கத்துல காட்டுற பார்வையாளர் எண்ணிக்கையைச் சாயங்காலம் பழையபடி மாத்திடலாம். யார் பார்க்கப்போறாங்க?" என்றார் மேனேஜர்.

பார்த்த ஒருவர் அதற்குள் தளத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார்; அழைப்பை அவளிடம் கொடுத்தார்கள்.

"அம்மா, டெய்லர் பேசறேன். எங்க வீட்டுக்காரியப் பார்க்க ஊரே திரண்டு வந்திருக்கும்மா. உயிரோட இருந்தப்போ நாலு பேர் வந்தாலே உள்ளே போய் ஒளிஞ்சுக்குவா. இப்ப எங்க ஒளிவா?" பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணுகிட்டயும் சொல்லணும். அவளுக்குத்தான் அந்தப் பக்கத்தைப் பார்க்க இன்னும் நேரம் கிடைக்கல."

வாழ்த்துச் சொல்லி வைத்துவிடலாம். ஆனால் சாயங்காலம் அந்த எண்ணிக்கை சரிந்து கிடப்பதை இந்த மனிதர் தனியாக உட்கார்ந்து பார்ப்பார். மனதுக்குள் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு சொன்னாள். "ஐயா, அவங்க மனுஷங்க இல்லை. சோதனைக்கு நான் அனுப்பினது. இடம் மாறிப் போச்சு. மன்னிச்சிடுங்க."

இயந்திரம் நின்றது.

"யாருமே வரலையா?"

"இல்லைங்க ஐயா."

"சரிம்மா. மறைக்காம சொன்னீங்களே. இதனால உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே? யாராச்சும் கேட்டா, டெய்லர் ஒண்ணும் குறை சொல்லலைன்னு சொல்லிடுங்க" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே இறங்கிப் போனார்கள். அவள் மட்டும் இருக்கையிலேயே இருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அதன் கனம் தெரியும், திறக்கும் வேகம் தெரியும். ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஒருத்தியாவது போக வேண்டும்.

தையல்காரர் பேசுவதைப் போலவே எழுதியிருந்தார். இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் சட்டை என்றால், வளர்ந்தபின் பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று அவர் மனைவி ஓரத்தில் கூடுதல் துணியை மடித்துத் தைப்பாளாம். நஷ்டம் என்று இவர் சண்டை பிடித்தாராம். "இப்ப நானும் அப்படித்தான் தைக்கிறேன்" என்றிருந்தது. அவள் அவசரப்படாமல் படித்தாள். ஒவ்வொரு படமும் முழுதாகத் திறக்கும்வரை இருந்தாள்.

கடைசிப் படத்தில் ஆட்கள் இல்லை. அவர் மனைவி கடைசியாகத் தைத்த சட்டை ஆணியில் மாட்டியிருந்தது. பாதி தைத்த பொத்தானிலிருந்து நூல் தொங்க, அதன் நுனியில் ஊசி அப்படியே இருந்தது.