பல்லேகமவுக்குப் போன முதல் கார்ட்

கலியாணம் நிச்சயமானதும் சில பெண்களுக்குச் சாப்பாடு இறங்காது. சிலருக்குத் தூக்கம் வராது. மாத்தளை மிளகு வியாபாரி மக்கீனின் ஒரே மகள் மஸீனாவுக்குச் சாப்பாடும் தூக்கமும் குறைவில்லாமல் நடந்தன. அவளுக்குப் பிடித்தது பச்சைப் பைத்தியம்.

அதைக் கிளப்பிவிட்டவள் மாப்பிள்ளை நுஹ்மானின் அக்கா. கொழும்புக்காரி. பெண் பார்க்க வந்த இடத்தில், "எங்கட பக்கம் இப்ப சாரி, பந்தல், கார்ட் எல்லாம் ஒரே கலர்லதான் செய்றாங்க" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, வட்டிலப்பத்தில் இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டாள். அன்றிலிருந்து மஸீனாவுக்குக் கால் தரையில் படவில்லை. வெற்றிலைக் கொழுந்தின் பச்சையில் சேலை எடுத்தாள். பந்தலில் ஒட்டும் கடதாசி பச்சை. தட்டு மூடும் துணி பச்சை. சர்பத்தையும் பச்சையாகக் கலக்கச் சொல்லிவிடுவாளோ என்று அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மஸீஹா மாமி, மக்கீனின் தங்கை, பயந்தே போனாள்.

கார்ட் அடிக்க மாணிக்கவாசகத்தின் அச்சகத்துக்கு வாப்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மாதிரிகள் ஒட்டிய பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்தார். குத்துவிளக்கு, வாழைமரம், ரோஜாக்கொத்து, குலுக்கும் கைகள், பிறையும் நட்சத்திரமும்.

"ஒங்க ஆளுங்க எல்லாரும் இந்தப் பிறையத்தான் போடுவாங்க மொதலாளி. கண்ண மூடிக்கிட்டு அடிச்சிரலாம்."

"பிறை வேணாம்," என்றாள் மஸீனா. "பூ வேணாம், கை வேணாம். வெறும் எழுத்து மட்டும், வெள்ளி மையில. அட்டை இந்தக் கலர்ல."

அவள் கைப்பையிலிருந்து சேலையின் ஓரத்தில் வெட்டிய ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். மாணிக்கவாசகம் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இருவது வருஷமா கார்ட் அடிக்கிறேன் தங்கச்சி. சாரித் துண்டோட வந்த மொத ஆள் நீங்கதான்."

முதல் தரம் கொழும்பிலிருந்து அவர் எடுப்பித்த அட்டை கீரை மசித்தது போல இருந்தது. இரண்டாம் தரம் வந்தது நோயாளியின் முகம் போல வெளுத்திருந்தது. மூன்றாம் தரம்தான் துண்டும் அட்டையும் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஓரத்தை அலை அலையாக வெட்டச் சொன்னாள். உறை அதே பச்சையில் ஒரு மாற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்றாள். மிளகு மூட்டையில் ஒரு கல் கிடந்தாலும் விடாத மக்கீன், மகள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். தாயில்லாப் பிள்ளை, வேறென்ன செய்வார்.

தாயில்லாப் பிள்ளை என்று சொன்னாலும், வளர்த்த தாய் ஒருத்தி இருந்தாள். மஸீனாவுக்கு ஒரு வயதாக இருக்கும்போது அவளுடைய உம்மா மௌத்தானாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் உம்மாவின் தங்கை ஜுனைதா, மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமவில் இருந்த சாச்சி. அவளுக்குப் பிள்ளை கிடையாது. பதினோரு வயதுவரை மஸீனா அவள் மடியில்தான் வளர்ந்தாள். படிக்கவைக்க வேண்டும் என்று மக்கீன் கூட்டிப்போக வந்த அன்று சாச்சி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "கலியாணத்தண்டு ஒன்னை நான்தான் சோடிப்பேன், வேற ஒருத்தியும் கை வெக்கப்படாது" என்று மட்டும் பிள்ளையின் காதில் சொன்னாள். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் அவள் பன்னிரண்டு வருடங்களைத் தள்ளினாள். மஸீனாவுக்கும் வேறு யார் கையாலும் மணப்பெண்ணாக மனமில்லை.

மக்கீனின் சொந்தத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உறவுக்காரருக்குக் கார்ட் கொடுப்பதில்லை. வீட்டு ஆள் நேரில் போய் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, வாயால் சொல்ல வேண்டும். கார்ட் வெளியாட்களுக்கு: வங்கிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர், சிங்கள முதலாளிமார். மாப்பிள்ளை கொழும்பில் வங்கி வேலை பார்ப்பவன் என்பதால்தான் இந்த வீட்டில் இத்தனை கார்ட்.

கார்ட் கட்டு வீட்டுக்கு வந்த அன்று மஸீனா ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு அழகான ஒன்றை அவள் வாழ்க்கையில் தன் கையால் உண்டாக்கியதில்லை. முதல் கார்ட் யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உறையில் முத்து முத்தாகச் சாச்சியின் பெயரை எழுதினாள். கூட ஒரு கடிதம் வைக்கலாமா என்று யோசித்தாள். கார்டின் அழகு கெட்டுவிடும் என்று வைக்கவில்லை. தானே தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் போட்டாள்.

மக்கீன் அப்போது ஊர் ஊராகக் கலியாணம் சொல்லி அலைந்துகொண்டிருந்தார். பல்லேபொலைக்குப் போய்வந்த அன்று அவருடைய கால் வீங்கி, சப்பாத்தே கழற மறுத்தது.

"இனிப் பல்லேகம மட்டுந்தான் பாக்கி," என்றார் முனகிக்கொண்டே. "போயா லீவு நாளைக்குப் போறேன்."

"நீங்க போக வேணாம் வாப்பா. நான் சாச்சிக்குக் கார்ட் போட்டுட்டேன்."

சப்பாத்தோடு போராடிய கை நின்றது. "சாச்சிக்கா? கார்டா?"

"மொத கார்டே அவங்களுக்குத்தான்."

"சொந்தக்காரருக்குக் கார்ட் போடுறதில்ல மகள். நேர்ல போய்ச் சொல்லாட்டி அது பெரிய குத்தம்."

"அதெல்லாம் அந்தக் காலம். என்னைப் பார்த்துக் குத்தம் புடிக்கச் சாச்சி என்ன அன்னிய ஆளா? என்ட கையால பேர் எழுதியிருக்கேன், அவங்களுக்கு அதுதான் பெருசு. இந்தக் காலோட மலை ஏறி எறங்கி, உங்களுக்கு ஒண்டு ஆனா நான் என்ன செய்ய?"

மக்கீன் இந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. அவருக்கு வழக்கம் தெரியும், ஜுனைதாவையும் தெரியும். ஆனால் கால் விண் விண் என்று தெறித்தது, மகளின் முகமோ பூரித்துக் கிடந்தது. சரி என்று சொல்லி, பட்டியலில் ஜுனைதாவின் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தார். மனுஷன் அதோடு நிம்மதியாக வெந்நீரில் காலை வைத்தார்.

சாச்சிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. மஸீனா அதை மறக்கவில்லை. யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நினைத்தாள். வாசித்துக் காட்டத்தான் செய்தார்கள்.

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பே சாச்சி வந்துவிடுவாள் என்று மஸீனா எதிர்பார்த்தாள். வரவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் மருதோன்றி வைக்கப் பெண்கள் கூடினார்கள். சாச்சி வரட்டும் என்று அவள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி பஸ்ஸும் வந்து போனபின் மஸீஹா மாமி கையைப் பிடித்து விரித்து, "மாப்பிள்ளை வீட்டாளுங்க அபசகுனம்பாங்க" என்று தானே வைத்துவிட்டாள். மலையில் மழை, பஸ் ஓடியிருக்காது என்றார்கள். காலையில் வந்துவிடுவாள் என்றார்கள். மஸீனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கலியாணத்தன்று வெயில் அடித்தது. அவளைச் சோடித்தவள் நுஹ்மானின் அக்கா. பச்சைச் சேலை, பச்சைப் பந்தல், பச்சைத் தட்டுத்துணி என்று வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். வங்கி மேலாளரின் மனைவி கார்டைக் கையோடு கொண்டுவந்து சேலையோடு வைத்துப் பார்த்து, "அப்படியே ஒண்டுதானே!" என்று வியந்தாள். இந்த வார்த்தைக்காகத்தான் மஸீனா இரண்டு மாதம் அச்சகத்துக்கு நடையாய் நடந்தாள். ஆனால் அது காதில் விழுந்தபோது அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாச்சிக்குத் தன்மேல் அவ்வளவுதானா பாசம் என்ற கோபமும் அவளுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

விஷயம் தெரிய மூன்று வாரம் ஆனது. சாச்சி வீட்டின் முன்பக்கத்தில் கடை வைத்திருந்த ஸக்கரியா சாமான் எடுக்க மாத்தளைக்கு வந்தவர், மக்கீனைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் மஸீனா தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றாள்.

"தபால்காரன் கடையிலதான் குடுத்தான்," என்றார் ஸக்கரியா. "ஜுனைதா ராத்தாவுக்கு வாசிக்கத் தெரியாதுதானே, நான்தான் ஒடச்சி வாசிச்சேன். ஏழெட்டுப் பேர் நின்டாங்க. நல்ல கார்ட் எண்டு எல்லாரும் கை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ஒரு பொம்புள கேட்டுட்டா, 'கார்ட் சரி, சொல்ல யார் வந்த?' எண்டு."

"ஜுனைதா என்ன சொன்னா?" மக்கீனின் குரல் இறங்கிவிட்டது.

"'கார்ட் முன்னுக்கு வந்திருக்கு, ஆள் பின்னால வரும்' எண்டாங்க. அதுக்குப் பொறகு ஒவ்வொரு நாளும் பஸ் வார நேரம் வாசல்ல கதிரையப் போட்டு இருப்பாங்க. கலியாணத்துக்கு மொத நாள் உடுப்புப் பையும் கட்டித்தான் இருந்தாங்க. நான் சொன்னேன், போங்க ராத்தா, புள்ள எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும் எண்டு. 'சொல்லாத வீட்டுக்கு எப்புடிப் போற தம்பி? வளர்த்தவ எண்டு நான் உரிமையோட போய் நின்டு, அவங்க மனசுல நான் கார்ட் போடுற ஆளா இருந்துட்டா, அந்த முகத்த நான் எங்க கொண்டுபோய் வெக்கிற?' எண்டு கேட்டாங்க. பஸ் திரும்பிப் போயிட்டுது."

திரைக்குப் பின்னால் கோப்பை விழுந்து உடைந்தது.

மறுநாள் காலை மஸீனா புருஷனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். ரத்தோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, பல்லேகமவில் பஸ் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஆசை, சாச்சி திட்ட வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்டு, பிறகு மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாச்சி திட்டவில்லை. "வாங்க, வாங்க" என்று இருவரையும் முன்னறையில் உட்காரவைத்தாள். மெலிந்திருந்தாள். மாப்பிள்ளையிடம் கொழும்பைப் பற்றி விசாரித்தாள், அவனுடைய உம்மாவின் சுகம் கேட்டாள். மஸீனா பழைய வழக்கத்தில் எழுந்து குசினிக்குள் போகப் பார்த்தாள்.

"நீ இரு மகள். புது சாரி, கரி பட்டுரும்."

விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது. சின்ன வயதில் அந்தக் கோப்பையைத் தொட்டால் மஸீனாவுக்கு அடி விழும். இப்போது அது அவள் முன்னாலேயே தட்டில் வைத்து நீட்டப்பட்டது.

"சாச்சி, வாப்பாவுக்குக் கால் வீங்கி... இல்ல, வாப்பா மேல குத்தமில்ல. நான்தான் வேணாமெண்டேன். எனக்கு..."

"பரவால்ல மகள். கார்ட் நல்லா இருந்துச்சு. இந்தப் பக்கம் ஒருத்தரும் அப்புடி ஒண்டு கண்டதில்ல."

வஞ்சம் வைத்துச் சொன்னதல்ல அது, மனதாரச் சொன்னதுதான். மஸீனாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் காலில் விழலாம். பாராட்டுகிறவளின் காலில் எப்படி விழுவது?

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று முக்காட்டைச் சரிசெய்தாள். நுஹ்மானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நின்றான்.

"சாச்சி," என்றாள். "அல்லாஹ்ட கிருபையால எனக்குக் கலியாணம் வெச்சிருக்கு. எனக்கு உம்மா இல்ல, நீங்கதான் இருக்கீங்க. நீங்க முன்னுக்கே வந்து, என்னைச் சோடிச்சி, கிட்ட நின்டு நடத்தித் தரணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஜுனைதா நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கதிரையை விட்டு எழுந்தாள். நழுவிய முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் அது, பிசகில்லாமல்தான் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல சேதி சொன்னீங்க. வராம இருப்பேனா?" என்றாள். பிறகு, சொல்ல வந்தவரிடம் எல்லோரும் கேட்பது போலவே, "எண்டைக்கு மகள் கலியாணம்?" என்று கேட்டாள்.

மஸீனா வாயைத் திறந்தாள். பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை.

"போன மாசம் பன்னெண்டாந் தேதி சாச்சி."

ஜுனைதா மெல்லத் தலையாட்டினாள்.

"வருவேன்," என்றாள். "கட்டாயம் வருவேன் மகள். நீதான் நேர்ல வந்து சொல்லிட்டியே."

நுஹ்மான் வெளியே போனான். உள்ளே இரண்டு பெண்களும் அழுவது கடைவரை கேட்டது.