கத்தாத கன்றுக்குட்டி

மலாயாவில் பீடோரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடிப்போன மறுநாளே சனங்கள் பங்களாவுக்குள் புகுந்துவிட்டார்கள். நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள், பீங்கான் கிடைத்தவர்கள் பீங்கானை அள்ளினார்கள். ராக்காயி போய்ச் சேர்ந்தபோது மூலையில் ஒரு படப் புத்தகம்தான் மிச்சம் கிடந்தது. துரையின் பிள்ளைகள் பார்த்துவிட்டு எறிந்தது. பக்கத்துக்கு ஒரு மிருகம். குரைக்கும் நாய், மழையில் நனைந்த பூனை, கிளையில் தொங்கும் குரங்கு, வேலிப் படலுக்குப் பின்னால் நின்று சாலையைப் பார்க்கும் ஒரு கன்றுக்குட்டி.

ராக்காயி ஆயாக் கொட்டகையின் ஆயா. தாய்மார்கள் வேலைக்காட்டுக்குப் போனால் அவர்களுடைய பிள்ளைகளை மாலை வரை பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஜப்பான்காரன் வந்தபின் ரப்பரை வாங்க ஆளில்லை. தாய்மார்கள் பால் வெட்டுவதை விட்டு மரவள்ளி நட்டார்கள். ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. அவர்களுக்குப் பொழுது போகவேண்டும்.

"இங்கிலீஷ் எழுத்து ஜப்பான்காரன் கண்ணுல பட்டா வம்பும்மா, அடுப்புல போட்டுரு" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எச்சரித்தார். அவளுக்கு மனம் வரவில்லை. சிமிந்திப் பைத் தாளைக் கிழித்து, ரப்பர்ப் பாலைத் தடவி, எழுத்து இருந்த இடத்தையெல்லாம் ஒட்டி மூடிவிட்டாள். எப்படியும் அவளுக்கு எழுத்து தெரியாது. எழுத்து மறைந்ததும் புத்தகம் முழுக்க முழுக்கப் பிள்ளைகளுடையதாகிவிட்டது.

காலையில் கொட்டகைக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். "இன்னிக்கு நீ யாரு?" என்று அவள் கேட்பாள். கோபத்தோடு வந்தவன் நாயைத் தொடுவான். அவன் கையில் ஒரு தகர டப்பாவையும் குச்சியையும் கொடுத்துவிடுவாள், ஆத்திரம் தீரத் தட்டட்டும் என்று. அம்மாவிடம் அடி வாங்கி வந்தவள் நனைந்த பூனையைத் தொடுவாள். அவளுக்கு மடி. சீனி என்ற வாயாடிப் பயல் மட்டும் தினமும் குரங்குதான்.

"குரங்குக்கு இன்னிக்குக் கோவமா, சந்தோசமா?"

"குரங்குக்குப் பசி ஆயா."

இருந்தால் ஒரு துண்டுக் கிழங்கு அவன் கைக்குப் போகும். இல்லாவிட்டால் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பாள்.

பாப்பா வேறு மாதிரி. நாலு வயது இருக்கும். பத்துமலை என்ற அவள் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் விரல் வேறு பக்கம் போகவில்லை. வேலிக்குப் பின்னால் நிற்கும் கன்றுக்குட்டிதான். விரலை வைப்பாள், பேசமாட்டாள். விழுந்து முழங்கால் கிழிந்தபோதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவளை மெச்சினார்கள். ராக்காயியும் கன்னத்தைக் கிள்ளி, "பாருங்கடா, பாப்பா அழவே மாட்டா. சமத்துக் கன்னுக்குட்டி" என்றாள். அன்றிலிருந்து அந்த உதடுகள் இன்னும் இறுக மூடிக்கொண்டன.

பிறகு சாப்பாடும் நின்றது. கிழங்கை மசித்து ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. வலிந்து திறந்து ஊட்டினால் ஒரு வாய் இறங்கும், அவ்வளவுதான். கை கால் குச்சியாகிவிட்டது. நல்ல உடம்போடு இருந்த பிள்ளைகளே காய்ச்சலில் போய்க்கொண்டிருந்த காலம் அது. விளக்கு வைக்கும்போதெல்லாம் ராக்காயி மாரியம்மன் படத்தின் முன் நின்று, "ஆத்தா, இந்தக் கொழுந்த வாடவிட்டுராதே" என்று கும்பிட்டாள்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கன்றுக்குட்டிப் பக்கத்தை விரித்து நடுவில் வைத்தாள்.

"கால்கிட்ட இவ்வளவு புல்லு இருக்கு. இந்தக் கன்னுக்குட்டி ஏன் தின்னல?"

"அது ரப்பர்ப் பால் குடிச்சிருச்சு ஆயா! வாய் ஒட்டிக்கிச்சு!" என்றான் சீனி. எல்லாரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

"ஒட்டல" என்றது ஒரு சின்னக் குரல்.

பாப்பாவின் குரல் எப்படியிருக்கும் என்பதே ராக்காயிக்கு மறந்துபோயிருந்தது. "பின்ன என்னடா கண்ணு?"

"வாயத் தெறந்தா அழுக வந்துரும். அழுதா அதோட அப்பா வரமாட்டாரு."

சொல்லிவிட்டுப் பழையபடி உதட்டை மூடிக்கொண்டாள். ராக்காயிக்கு விளங்கிவிட்டது. இந்தப் பச்சைப்பிள்ளை தன் அப்பனின் உயிரை அந்தச் சின்ன வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது. சமத்து, சமத்து என்று சொல்லிச் சொல்லி அந்தப் பூட்டை இறுக்கியவர்களில் தானும் ஒருத்தி.

மழை விட்டதும் பிள்ளைகளைப் பெரிய பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்கு நடந்தாள். பாப்பாவின் அம்மா முத்தம்மா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான்தான்க்கா அழக்கூடாதுன்னு சொன்னேன். லோரி கெளம்புறப்ப அது ஓன்னு கத்துச்சு. பயணம் போறவங்க பின்னால அழுதா ஆகாதுலா. எங்க ஆத்தா அன்னிக்கு வீடுகூடக் கூட்டமாட்டாங்க."

"பெரியவங்களுக்குச் சரி. அது குழந்தைல்ல புள்ள?"

"நான் மட்டும் அழுதேனா? அழுது அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா யாருக்கா பதில் சொல்றது?"

வழக்கத்தைத் தப்பென்று சொல்ல ராக்காயிக்கும் பயம்தான். "மாரியாத்தா முன்னால நின்னு நாம அழுறதில்லையா? அது எழவாயிருமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். பிறகு, "சாயங்காலம் புள்ளையத் தூக்க வரும்போது கொஞ்ச நேரம் உக்காந்து, அது காட்டுற படத்தப் பாரு. நீ எதுவும் சொல்லவேணாம்" என்றாள்.

முத்தம்மா வந்தாள். மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு பாப்பாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார்ந்தாள். பாப்பா வழக்கம்போல் விரலை வைத்தாள். முத்தம்மா படத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஜப்பான் சண்டைக்கு முன்னால் லயத்துக்குப் பின்புறம் மாடு வளர்த்தவள் அவள்.

"இது ஏன் சும்மா நிக்குது?" என்றாள். "நம்ம செவலை மாடு எஸ்டேட்டெல்லாம் சுத்திட்டு எப்படி வீட்டுக்கு வரும், ஞாபகம் இருக்கா?"

பாப்பா தலையை ஆட்டினாள்.

"கன்னுக்குட்டி கத்தும்ல? அதக் கேட்டுத்தானே வரும்?"

பாப்பா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைத் தேடினாள். "கத்துனா அப்பா வந்துருவாரா?"

முத்தம்மா ஆமாம் என்று சொல்லிவிடலாம், பிள்ளை நாளைக்கே ஒரு தட்டுக் கிழங்கைத் தின்றுவிடும்.

"தெரியலடா தங்கம். அது சாமிக்குத்தான் தெரியும். ஆனா கன்னு கத்துச்சுன்னு எந்த மாடும் வராம போனதில்ல. நீ கத்து. அம்மா அன்னிக்கு வெவரந் தெரியாம சொல்லிட்டேன்."

பாப்பா வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. "ம்மா" என்று சீனி எடுத்துக் கொடுத்தான், தான் குரங்கு என்பதை மறந்து. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கொட்டகை முழுக்க "ம்மா... ம்மா" என்று ஒரே இரைச்சல். அந்தப் பக்கமாகப் போன, வேலைக்காட்டைக் கவனிக்கும் மண்டோர் இராமசாமி எட்டிப் பார்த்து, "என்ன ராக்காயி, ஆயாக் கொட்டாயா, மாட்டுக் கொட்டாயா?" என்றார்.

"கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டாய்தான்ண்ணே. நீங்க போங்க" என்றாள் ராக்காயி.

இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் "ம்மா"விலிருந்து "ப்பா"வுக்கு மாறியது. "அப்பா... அப்பா..." என்று பாப்பா அழுதாள். மாதக்கணக்கில் அடக்கிவைத்தது, உடம்பே குலுங்கிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராக அடங்கி அவளையே பார்த்தார்கள். பூனைக்கு மடி கொடுப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா, ஒருத்தி போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அழுகை விக்கலானபோது ராக்காயி கிழங்குக் கிண்ணத்தை நீட்டினாள். பாப்பா ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். மென்றாள், விழுங்கினாள், மறுபடி வாயைத் திறந்தாள். இரண்டாவது வாயை முத்தம்மா ஊட்டினாள். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

பாப்பா கிழங்கு அப்பிய விரலால் அம்மாவின் உதட்டைத் தொட்டுப் பிரித்தாள்.

"நீயும் கத்தும்மா" என்றாள்.