இருபது மடங்கு மலை

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? அலுவலக வாசல்ல ஒட்டியிருக்கே, அது நீங்க போட்ட படம்தானே? அந்த மலை நீங்க போட்டதுதானே?"

"படம் நான் போட்டது. மலை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, தங்கச்சி."

"கிண்டல் வேறயா? தங்கச்சின்னு வேற கூப்பிடாதீங்க."

தையல்காரம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. கேட்காத வீடுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் படக்காரர், சாலை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் போடுகிறவர், சோப்பு நுரை பாதி முகத்தில் இருக்க, சவரக் கத்தியும் கையுமாக வாசலில் நின்றார். மீதிப் பாதியை வழித்துக்கொள்ள அந்தம்மாள் விடவில்லை.

கோபம் வந்த கதை இதுதான். மலைமேல் குடியிருப்பில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பையன் தையல்காரம்மாவின் ஒரே மகளைக் கேட்டிருந்தான். பையன் தங்கம். ஆனால் மேலே போக இருக்கும் ஒரே சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். தையல்காரம்மாவின் இரண்டு முட்டியும் இருபது வருடம் மிஷின் மிதித்த முட்டிகள். அங்கே கொடுத்தால் மகளை வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். அப்போதுதான் படக்காரர், தெருவுக்குப் பின்னாலிருந்தே மலைக்குப் புதுச் சாலை வரப்போகிறது, நடந்தே போகலாம், சரிவு லேசானது என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அந்தம்மாள் பெண் கொடுக்கச் சம்மதித்தாள்.

நேற்று துணி வாங்கப் போன வழியில் படத்தைப் பார்த்தாள். இடது மூலையில் இந்தத் தெரு, வலது மூலையில் மலைமேல் குடியிருப்பு. நடுவில் சாலை ஏணி சாத்தி வைத்ததுபோல் ஏறியது.

"அதுல பல்லி ஏறலாம். நான் ஏற முடியுமா? இன்னைக்கே ஆள் விட்டு வேணாம்னு சொல்லப் போறேன்."

மகள் உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பொத்தானை மூன்றாம் முறையாகத் தைக்கிறாள் என்பதை எதிர்வீட்டு அக்கா கவனித்துவிட்டாள். அந்த அக்காவுக்குக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவன் உண்டு. ஜன்னலை அவள் இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

படக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "படத்துக்குக் கீழ, உயரம் இருபது மடங்கு பெரிசாக்கியிருக்குன்னு ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"ஒண்ணும் எழுதல. மலைதான் இருந்துச்சு."

"தப்பு என்னோடதுதான். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதனால எழுதாமலே விட்டுட்டேன்."

"அது என்ன இருபது மடங்கு? கண்ணாடிக்கடைக்காரர்கூட இவ்வளவு பெரிசாக்க மாட்டாரு."

அவர் உள்ளே போய் படத்தின் நகல் ஒன்றை எடுத்து வந்து அவளுடைய வெட்டுமேசையில் விரித்தார். "டேப்பை எடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்களே அளங்க. படுக்கைவாட்டுல ஒரு சென்டிமீட்டர்னா தரையில நாப்பது மீட்டர். உயரத்துல ஒரு சென்டிமீட்டர்னா ரெண்டே மீட்டர்."

"ஒரே படத்துல ரெண்டு அளவா? நான் ஒரே ரவிக்கைக்கு ரெண்டு டேப் வெச்சா சும்மா விடுவீங்களா?"

"நாப்பதை ரெண்டால வகுங்க."

"இருபது."

"அத்தனை மடங்கு மலையை மேல இழுத்து விட்டிருக்கேன். நிஜ அளவுல போட்டா மலையே தெரியாது. எங்க வெட்டணும், எங்க மண்ணு போட்டு நிரப்பணும்னு யாருக்கும் புரியாது."

தையல்காரம்மா டேப்பை வைத்தாள். அகலம் முப்பது சென்டிமீட்டர், உயரமும் முப்பது. உயரத்தை இருபதால் வகுத்தாள். மறுபடி வகுத்தாள். ஒன்றரை. பழுப்புத் தாள் ஒன்றை இழுத்து முப்பதுக்குக் கோடு போட்டு, வலது முனையில் ஒன்றரை ஏற்றி, சுண்ணக்கட்டியால் சாய்வாக இழுத்தாள். பிறகு அவர் சொல்லாத ஒரு வேலை செய்தாள். ஆணியில் மாட்டியிருந்த, ரவிக்கை வெட்ட வைத்திருக்கும் மாதிரித் தாளை எடுத்து அதன் தோளை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள்.

தோள்தான் அதிகம் சரிந்திருந்தது.

"பன்னெண்டு சென்டிமீட்டர் தோளுக்கு நான் ரெண்டு சென்டிமீட்டர் இறக்குவேன்," என்றாள் மெதுவாக. "உங்க மலை அதே நீளத்துக்கு அரைக்குக் கொஞ்சம் மேலதான் ஏறுது. இதையா நான் ஏணின்னேன்?"

உள்ளே மகள் நூலைக் கடித்து அறுத்தாள். பொத்தான் ஒருவழியாக முடிந்தது.

அன்று மாலையே சாலைக்காக அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் மேலே நடந்தார்கள். தையல்காரம்மா வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கடை வாசலில் நின்று, கீழே தன் வீட்டு மொட்டைமாடியில் காயும் பாவாடையை அடையாளம் கண்டு மகளுக்குக் காட்டினாள். கண் கலங்கியதற்குக் காற்றுத் தூசியைக் காரணம் சொன்னாள். கண்ணாடிக்கடைப் பையன் ஓடிவந்து கண்ணைச் சோதிக்கட்டுமா என்றான்.

இறங்கும்போது, "அண்ணே, காலையில நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க இல்லேன்னா இந்தச் சம்பந்தத்தை நானே கெடுத்திருப்பேன்," என்றாள்.

"வெச்சுக்கத்தான் போறேன், தங்கச்சி. இருபத்திரண்டு வருஷம் படம் போட்டேன். ஒருத்தர் நின்னு பார்த்ததில்ல. சண்டை போடற அளவுக்குப் பார்த்தது நீங்கதான். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

மறுநாள் அலுவலக வாசலில் இருந்த படத்தின் கீழே, 'உயரம் இருபது மடங்கு பெரிதாக்கப்பட்டுள்ளது. பயப்பட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'பயப்பட வேண்டாம்' என்பதை மேலதிகாரி அடிக்கச் சொன்னாராம். படக்காரர் அடித்தார், வாசிக்கும்படியாக ஒற்றைக் கோடுதான்.

சாலை போட்டு முடித்த மாதமே கல்யாணம் நடந்தது. எதிர்வீட்டு அக்காவின் தம்பி இரண்டு தெரு தள்ளிப் பெண் எடுத்தான். அங்கே மேடும் இல்லை, பேச்சும் இல்லை. தையல்காரம்மா ஞாயிறுதோறும் மேலே போய்வருகிறாள், இப்போது ஒரே இடத்தில்தான் உட்காருகிறாள். படக்காரருக்கு மாற்றலாகிவிட்டது. புது ஊரில் ஐம்பது மடங்கு உயர்த்தினாலும் மேடு தெரியவில்லை என்று எழுதியிருந்தார். வருடத்துக்கு இரண்டு சட்டை அவருக்குத் தபாலில் போகிறது, தோள் கச்சிதமாகச் சரிந்து.