சத்தம் வராத கட்டம்

ரினி பள்ளிப் பாட்டுக் குழுவில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. முதல் சில நாளைத் தவிர அவள் ஒரு வரிகூடப் பாடியதில்லை. வாயை மட்டும் அசைப்பாள். அதிலும் ஒரு குறை வைக்க மாட்டாள். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுப்பாள், புருவம் உயர வேண்டிய இடத்தில் உயர்த்துவாள். பார்க்கிறவர்களுக்குத் துளி சந்தேகமும் வராது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் பிளாசிடா மிஸ் பியானோவை நிறுத்திவிட்டு, "கடைசி வரிசையில் யாரோ சுருதி விலகிப் பாடுகிறீர்கள்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அது தான்தான் என்று ரினி தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அன்றோடு குரல் நின்றுபோனது. விலகியிருக்கலாமே என்று கேட்டால், அதற்கும் மனம் வரவில்லை. நாற்பது பேர் பாடும்போது நடுவில் நிற்பது அவ்வளவு சுகம். இடுப்பளவுக் கடலில் நிற்கிற மாதிரி சத்தம் வந்து மோதும், தூக்கும், விடும். நனைந்தால் போதாதா, நீந்தித்தான் ஆக வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் சுருங்கி போனுக்குள் போனது. ஷார்ஜாவில் அவர்கள் இருந்த ஏழாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் இல்லாத சாலையில் சிக்னல் மட்டும் சிவப்பாகி, பச்சையாகி, யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது. பகலே கனவு கண்டுகொண்டிருப்பது போலிருந்தது. ரினிக்கு எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. தண்ணீர் மோட்டார், லிப்ட், எதிர்வீட்டு மிக்சி. அம்மாவின் சத்தம் மட்டும்தான் வீட்டில் இல்லை.

அம்மா சுகிர்தராணி துபாயில் நர்ஸ். கொரோனா வார்டில் டியூட்டி போட்ட நாளிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்பாடு செய்த ஹோட்டல் அறையில் தங்கி, தினமும் வீடியோவில் வருவாள். முகக்கவசம் அழுத்திய தடம் மூக்கின் மேல் வரியாக விழுந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் பிளாசிடா மிஸ், நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் நன்றி சொல்லி ஒரு பாட்டை அவரே எழுதி மெட்டமைத்து அனுப்பினார். ஒவ்வொருவரும் காதில் இயர்போன் மாட்டி, அதில் வரும் பியானோவைக் கேட்டுக்கொண்டே தன் பகுதியைத் தனியாகப் பாடி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அத்தனை வீடியோவையும் அவர் கட்டம் கட்டமாக ஒட்டி, யூடியூபில் கச்சேரி ஆக்கிவிடுவார். மற்றவர்களுக்கு இது விளையாட்டு. ரினிக்கு அப்படியில்லை. கூட்டத்தில் ஒளிந்தவளைக் கூப்பிட்டு, தனியாக வந்து நில் என்றால் என்ன செய்வாள்?

அம்மாவோ தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள். "வார்டுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், எம்மவ பாடப்போறான்னு. மரியம்னு எங்கூட ஒரு நர்ஸ் பிள்ள இருக்கால்லா, அவ நர்சிங் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயே போட்டுருவோம்ங்கா."

ரெக்கார்டிங் அன்று அப்பா செல்வசிங் தடபுடல் பண்ணினார். ஊருக்கெல்லாம் ஏ.சி. ரிப்பேர் பார்த்து ஓடவைக்கிற மனிதர், மே மாத வெயிலில் தன் வீட்டு ஏ.சி.யை நிறுத்தினார். குக்கரை அணைத்தார். கதவுக்கு வெளியே காவல் நின்றார்.

உள்ளே ரினி பட்டனை அழுத்தினாள். காதில் பியானோ வந்தது. வாயைத் திறந்தாள். தன் குரல், அறையில் வேறு எதுவுமே இல்லாமல், மொட்டையாகக் கேட்டது. யாரோ தெரியாத பெண் பக்கத்தில் நிற்பது போல் திடுக்கிட்டு நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி பயந்தாள். கடைசியில் பழகிய வேலையையே செய்தாள். வேர்வை வழிய, புருவம் உயர, சத்தமே இல்லாமல் பாட்டு முழுவதையும் வாயசைத்து முடித்தாள்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "முடிஞ்சிட்டா மக்கா? ஒரு சத்தத்தையும் காணுமே."

"கதவு சாத்தியிருக்குல்லப்பா."

"அதுவும் சரிதான். நல்ல கதவு" என்று அவர் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அந்த வெள்ளை மனசைப் பார்க்க ரினிக்கு அழுகை வந்தது.

மறுநாள் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை, மறுபடி அனுப்பு. போனில் மைக் கெட்டுப்போச்சு மிஸ் என்று ரினி பதில் போட்டாள். பரவாயில்லை, உன் முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார் மிஸ். தப்பித்தோம் என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் ரினி அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கச்சேரி தொடங்கியது. அப்பாவும் மகளும் டிவியின் முன் உட்கார்ந்தார்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டம் திறந்தது, பிறகு நான்கு, பிறகு திரை முழுக்க முகங்கள். ஒருத்திக்குப் பின்னால் பிரிட்ஜ், ஒருவனுக்குப் பின்னால் துணி காயும் பால்கனி. தனித்தனி வீட்டில், தனித்தனி நாளில் பாடியவர்கள் ஒரே மூச்சில் பாடினார்கள். ரினிக்கு உடம்பு லேசாகிப் போனது. மூலையில் ஒரு கட்டத்தில் அவளும் இருந்தாள், கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு. அப்பா அந்த மூலையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

முடிந்த கொஞ்ச நேரத்தில் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். ரினி போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

"ஏட்டி, கேட்டேன்ட்டி! அத்தன பேரு பாடுனாலும் ஒன் சத்தம் மட்டும் தனியாத் தெரிஞ்சுது. மரியம்ட்டயும் சொன்னேன், இந்தா, இதுதான் எம்மவன்னு. அழுதுட்டேன், கேட்டியா."

ரினியால் தாங்க முடியவில்லை. "அம்மா, அதுல என் வாய்ஸே இல்ல. நான் பாடல. சும்மா வாய மட்டும் அசைச்சேன்."

"சும்மா கெட. நான் கேட்டேன்லா."

"ப்ராமிஸ்ம்மா. ஆனுவல் டேலகூட நான் பாடல. ஒருநாளும் பாடுனதே இல்ல."

"ஆனுவல் டேலயும்தான் கேட்டுச்சு" என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல். "பெத்தவளுக்குத் தெரியாதா?"

ரினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் திட்டுவாள், அழுவாள் என்றெல்லாம் பயந்திருந்தாள். நம்பவே மாட்டாள் என்று நினைக்கவில்லை. "என் வாய்ஸ் அப்படி இருக்காதும்மா! கேக்குறியா? இதக் கேட்டுட்டு நீயே சொல்லு" என்றாள். தான் பாடவில்லை என்று நிரூபிப்பதற்காக, பாட ஆரம்பித்தாள்.

இயர்போன் இல்லை, பியானோ இல்லை. குரல் முதல் வரியிலேயே உடைந்தது. அம்மா போனைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. திரையில் அம்மாவின் முகம் போய், காதும் நரைத்த இரண்டு முடியும் மட்டும் தெரிந்தன. பார்க்கிற கண் இல்லை, வெறும் காதுதான். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே ரினி இரண்டாம் வரிக்குப் போனாள். அங்கே சுருதி விலகியது, அவளுக்கே தெரிந்தது, தானே திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. நடுவில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடல் இடுப்பைத் தாண்டி, காலுக்கடியில் தரையே இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் அவள் மூழ்கவில்லை. கடைசி வரி வரை பாடினாள்.

காது விலகி, அம்மாவின் முகம் திரும்ப வந்தது.

"இதேதான்" என்றாள் அம்மா. "இதத்தான் நான் அன்னைக்கும் கேட்டேன், இன்னைக்கும் கேட்டேன். இன்னொரு மட்டம் பாடு மக்கா."

ரினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, முதலிலிருந்து பாடினாள்.