பதினோரு மதிப்பெண் பள்ளம்

ராஜஸ்தான் கோட்டாவில் பிள்ளைகளை உசுப்பேற்றத் தெரியாதவன் வாத்தியாரே இல்லை. நான் இயற்பியல் நடத்துகிறவன். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு எங்கள் பயிற்சி மையத்தில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. கடைசி நான்கு தேர்வின் மதிப்பெண்களைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்றைப் போன வருடம் பிடித்தேன். திங்கள் காலை படம் வகுப்புத் திரைக்கும் போகும், அப்பாக்களின் கைபேசிக்கும் போகும்.

முதலில் படம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. எல்லாக் கோடும் உச்சியில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த நான்கில் எது குறைவோ அதையே தரையாக்கிவிட்டேன். அடேயப்பா! ஐந்து மதிப்பெண் குறைந்தாலும் கிணற்றில் விழுந்தது போலத் தெரிந்தது. பிள்ளைகள் அலறியடித்துப் படித்தார்கள். நிர்வாகம் எனக்குத் தலைப்பாகை கட்டிப் பாராட்டியது. நானும் வெட்கமில்லாமல் தலையைக் கொடுத்தேன்.

ஹேம்லதா, பாரன் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். 720க்கு 612, 615, 618 என்று ஏறியவள், அந்த வாரம் காய்ச்சலோடு எழுதி 607 வாங்கினாள். திங்களன்று படம் போன மறுநாளே அவள் அப்பா ராம்கல்யாண் வந்து நின்றார்.

"மாஸ்டர்ஜி, புள்ளைய கூட்டிட்டுப் போறேன்."

"பரீட்சைக்கு ஆறே வாரம்தான் இருக்கு! என்ன ஆச்சு?"

கைபேசியை நீட்டினார். "எனக்கு எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது. மேடு பள்ளம் தெரியும். பாருங்க, தரைக்கே வந்துட்டா. எங்க பக்கம் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது; இவள ஒரு வீட்டுக்குக் குடுத்தாத்தான் என் மகனுக்கு அந்த வீட்டுப் பொண்ணு. ஒரு வருஷமா இந்தக் கோட்டைக் காட்டித்தான் அவங்க வாய அடைச்சு வெச்சேன். நேத்து இதப் பார்த்துட்டு, 'எங்கய்யா உங்க டாக்டரம்மா'ன்னு சிரிக்கிறாங்க."

"வெறும் பதினோரு மார்க்குதாங்க! பள்ளம் நான் பண்ணது. படிக்கட்டுமேன்னு படத்த அப்படி மாத்தினேன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப போன மாசம் மேல ஏறுச்சே, அதுவும் நீங்க பண்ணதுதானா?"

அவர் பின்னால் படுக்கைச் சுருட்டோடு நின்ற ஹேம்லதா, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"நானும் ராத்திரி பூரா போன்ல சொல்லிட்டேன் சார். விடுங்க."

அடுத்த ஞாயிறு அவள் தேர்வுக்கு வரவில்லை. மென்பொருள் தானாகவே பூஜ்யம் போட்டது. திங்களன்று திரையில் அவள் படம் வந்தபோது, தரை பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. 615, 618, 607 மூன்றும் உச்சியில் ஒரே நேர்க்கோடு. நான் வெட்டிய பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பிறகு கோடு செங்குத்தாகக் கீழே போயிற்று.

அந்தப் படம் ராம்கல்யாண் கைபேசிக்கும் போயிருக்கும். நல்ல வேளை, கூட்டி வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.