கொசுறுப் பாட்டு

பத்தாவது பாட்டு முடிந்த மறுநொடியே கடை ஸ்பீக்கரிலிருந்து கல்யாண வீட்டு கீபோர்டு கிளம்பியது. தீபாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

அவளும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பாடி வாசித்து, சாயங்காலம் வெளிவரப் போகும் ஆல்பம் அது. பெயர் 'கொஞ்சம் சிரிங்கம்மா'. சுனாமி அவள் அண்ணனைக் கொண்டுபோன வாரம், அவர்கள் ஊர் மண்டபத்தூரில் நிவாரணம் தரக் காரில் வந்து இறங்கியவர்கள் அவள் அம்மா குஞ்சம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் திணித்து, போட்டோவுக்காகச் சொன்ன வார்த்தை. அம்மாவும் சிரித்துத் தொலைத்தாள். மூன்று வருஷம் கழித்தும் ஆறாத அந்த ஆத்திரம்தான் பத்தாவது பாட்டு. கடைசி வரியைக் கத்தியதும் கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரே வெட்டாய் நின்றுவிடும். பிறகு ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் பாண்டிச்சேரி ஸ்டுடியோவில் தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பப் பாடினாள்.

"பாய், என்ன இது?"

"கொசுறு," என்றார் மீரா சாகிப் பெருமையாக. சிடி போட்டுத் தந்த கடைக்காரர். கிடார் வாசிக்கும் தௌஹீதின் மாமா. "ஓட்டமா ஓடுற பாட்டு உங்களது. பத்தும் சேந்து அரை மணி நேரங்கூட வரல. சிடியில பாதிக்கு மேல சும்மா கிடக்கு. காலிப் பெட்டிய வித்தான் மீரா சாகிப்னு ஊரு பேசணுமா? எங்க அக்கா மவ கல்யாணத்துல வாசிச்சத ரொப்பிவிட்டேன்."

கொத்தமல்லிக் கொத்து போடாத காய்க்கடைக்காரனை காரைக்காலில் மனுஷனாகவே மதிப்பதில்லை. குஞ்சம்மாவே ஒரு கை பொடிமீன் கூடப் போட்டுத்தான் மீன் விற்றாள். நல்ல மனசோடு செய்த அட்டூழியத்தை எந்தப் பல்லால் கடிப்பது?

"எங்கம்மா அழுகைக்குப் பின்னாடி மேளமா பாய்?"

"மேளம் இல்ல புள்ள, கீபோர்டு."

டிரம்ஸ் மணிவேல் சிரித்துவிட்டான். தீபா பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாமா?" என்றான் தௌஹீத்.

"கொசுறு போட எவன்டா பெர்மிஷன் கேக்குறான்? சரி, அடுத்த தடவ அடிக்கையில பாதியாக் கொறச்சுக்கிறேன். சந்தோஷமா?"

"பேரம் பேசாதீங்க. இந்த சிடி வெளிய போவாது," என்றாள் தீபா.

"நோட்டீஸ் ஒட்டியாச்சு. சனம் வருது. வெளியீட்டு விழாவுல எத வெளியிடுவ, காத்தையா?"

சாயங்காலம் மண்டபம் நிரம்பியது. மேஜைமேல் ஜிகினாத்தாள் சுற்றிய சிடிக் கட்டு மினுக்கியது. தீபா அதைத் தூக்கி மேஜைக்கு அடியில் எறிந்தாள்.

"சிடி கிடையாது. பாட்டு இருக்கு. கேளுங்க."

பத்துப் பாட்டையும் வெறி பிடித்தாற்போல் வாசித்துத் தீர்த்தார்கள். கடைசி வரியைக் கத்தினாள். எல்லாம் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றது முன்வரிசை. "இன்னொண்ணு எடுத்துவுடு தங்கச்சி!" விசில் பறந்தது. பழக்கதோஷத்தில் தௌஹீதின் விரல் கம்பியைத் தேடியது. தீபா அவன் கிடார் ஒயரைப் பிடுங்கினாள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். விசில் ஒவ்வொன்றாய் அடங்கிற்று. யாரோ இருமினார்கள். மூன்றாம் வரிசையில் குஞ்சம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மீரா சாகிப்புக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து, விரலைக் குறுக்கிக் காட்டினார். "ஒரு கால் பாட்டாவது, புள்ள…"

"பாட்டு இன்னும் முடியல பாய்," என்றாள் தீபா. "உக்காருங்க."

உட்கார்ந்தார்.